காற்றுக் காலத்தில் ஒரு சாக்ஸபோன்

பஸ்தியன் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்றுதான் பாரிஸில் நாங்கள் எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். தொலைபேசியில் அவருடைய பேச்சுக் குழறியது. இரண்டு சொல் ஒழுங்காக வரும், மூன்றாவது சறுக்கும். “ஆ, சுகம், சுகம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அண்ணனின் அடக்கத்துக்கென்று இலங்கைக்குப் போன மனிதர், குளிர்காலம் முடிந்து மரங்கள் துளிர்த்த பிறகும் திரும்பவில்லை.

எங்களுடையது ஐந்து பேர் கொண்ட ஜாஸ் குழு. பஸ்தியன்தான் சாக்ஸபோன், அவர்தான் தலைவர், சுவரொட்டியில் அவர் பெயர்தான். நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் வாசிக்கும் நிலவறை மண்டபத்தின் முதலாளி பொறுமையான ஆள், ஆனால் அவருக்கும் ஒரு எல்லை உண்டு. கோடை முடிவதற்குள் பஸ்தியன் வந்தால் வெள்ளிக்கிழமை உங்களுடையது, வராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுங்கள் என்றார். டிரம்ஸ் வாசிப்பவர் பிரெஞ்சுக்காரர், பாஸ் மார்த்தினிக் தீவுக்காரர், ட்ரம்பெட் போலந்துக்காரர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பியானோக்காரி.

குழுவுக்காகத்தான் போனேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். பஸ்தியனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்காத வெள்ளிக்கிழமை எனக்கு வெள்ளிக்கிழமையாகவே இல்லை. அவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டால்தான் என் கை பியானோவில் இறங்கும். நான் கணவரை இழந்தவள், அவர் கலியாணம் முறிந்த தனியாள், குறுக்கே நிற்க ஒருவரும் இல்லை. ஆனாலும் இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒன்று மட்டும் செய்தேன். ஒரு நாளும் அவரை ‘அண்ணை’ என்று கூப்பிடவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு அது லேசான காரியமில்லை. வயதில் மூத்த ஆணை வெறும் பெயரால் கூப்பிட்டால் சனம் என்ன நினைக்கும் என்று தெரிந்துகொண்டேதான் கூப்பிட்டேன்.

அவருடைய சாக்ஸபோனையும் தூக்கிக்கொண்டு போனேன். அதை என் வீட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுத்தான் அவர் விமானம் ஏறியிருந்தார். கண்ணால் கண்டால் மனுசனுக்கு ஆசை வரும், கையில் எடுப்பார், பிறகு கூட்டிக்கொண்டு வருவது லேசு. இதுதான் என் பெரிய திட்டம்.

பஸ்தியனின் ஊர்ப்பக்கமான புத்தளத்துக்குப் போன பஸ்ஸில் நடத்துனர் சாக்ஸபோன் பெட்டியை எஞ்சின் மூடிக்கு மேலே வைக்கச் சொன்னார். அந்த மூடியில் முட்டை பொரிக்கலாம். மாட்டேன் என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

“உள்ளுக்கு என்ன மிஸ், தையல் மெசினா?”

“வாத்தியம்.”

“அல்லாஹ்! யாருக்குக் கலியாணம்?”

“ஒருத்தருக்கும் இல்லை.”

“அப்ப என்னத்துக்கு இந்த வெயில்ல சுமந்துக்கிட்டுத் திரியிறீங்க?”

நியாயமான கேள்வி. பதில் தேடுவதற்குள் பஸ் நின்றுவிட்டது. தெருவுக்கு நடுவே ஏழெட்டுக் கழுதைகள். ஓட்டுநர் ஹோர்னை அமுக்கினார், அவை காதைக்கூட அசைக்கவில்லை. பாரிஸில் மெட்ரோ நின்றால் எல்லோரும் கைபேசிக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். இங்கே பஸ் முழுக்க எழுந்து யன்னல் வழியாகக் கழுதைகளுக்குப் புத்தி சொன்னது.

புத்தளத்தில் இறங்கியதும் முதலில் தெரிந்தது பசி. பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடையில் இடியப்பமும் மாசிச் சம்பலும் சொதியும் வைத்தார்கள். சொதி எங்கள் வீட்டுச் சொதி இல்லை, பால் அதிகம், புளி குறைவு. ஆனால் சம்பல்! பாரிஸின் லா ஷப்பேலில் எங்கள் ஆட்கள் விற்கும் சம்பலுக்கு இதை ஒரு கரண்டி காட்ட வேண்டும், வெட்கத்தில் கடையை மூடுவார்கள். நான் மூன்றாம் தடவை இடியப்பம் கேட்டபோது கடைக்காரர், “யாழ்ப்பாணமா?” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “கேக்கிற மாதிரியே தெரியிது. அதட்டுறீங்களே” என்று சிரித்தார். பிறந்த நாட்டில் நான் பார்க்காத ஊர் இது. போர்க்காலத்தில் எங்கள் பக்கத்துச் சனம் எத்தனையோ குடும்பங்கள் இங்கே வந்து தங்கிவிட்டன, நான்தான் பிரான்ஸ்வரை ஓடினேன்.

அடுத்த நாள் காலை முச்சக்கரவண்டி பிடித்தேன். ஓட்டுநர் பெயர் ரிஸ்வான், நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாது.

“பட்டம் விட வந்தீங்களா அக்கா? வெள்ளக்காரங்க எல்லாம் பட்டத்தப் பிடிச்சிக்கிட்டுக் கடல்ல சறுக்க இந்தக் காத்துக்குத்தான் வாராங்க. பெட்டியும் அதே மாதிரிதான் இரிக்கி.”

“பட்டமுமில்லை, ஒண்டுமில்லை. ஒரு ஆளைப் பார்க்கப் போறன்.” நான் வாடியின் பெயரைச் சொன்னேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எப்போது கேட்டாலும் பஸ்தியன் அந்தப் பெயரைச் சொல்லி, எங்கட வாடியில என்பார்.

ரிஸ்வான் திரும்பிப் பார்த்தான். “காத்துக் காலத்துல வாடிக்கா?”

“சொன்ன இடத்துக்கு விடுங்கோ தம்பி.”

அவன் தோளைக் குலுக்கிவிட்டு விட்டான். ஒரு பக்கம் நிலத்துக்குள் நுழைந்த களப்பு நீர், மற்றப் பக்கம் கடல், நடுவே மணலும் தென்னையுமாக நீளும் நிலம். காற்று என்றால் இப்படி ஒரு காற்று. வாயைத் திறந்தால் பல்லில் மணல். பெட்டிக்குரிய ஆள் யாரென்று ரிஸ்வான் விடாமல் துருவினான், நானும் சொல்லத் தொடங்கினேன். உண்மையில் பஸ்தியனைப் பற்றிக் கதைக்க ஒரு ஆள் கிடைத்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்தக் கரையில் பிறந்த கத்தோலிக்கப் பையன். கோயில் பாண்ட் குழுவில் கிளாரினெட், திருநாளென்றால் புனிதரின் சுருபத்துக்குப் பின்னால், சாவென்றால் பெட்டிக்குப் பின்னால். பிறகு கொழும்பில் ஒரு கடற்கரை ஹோட்டலில் ஆட்டக்காரருக்கு வாசித்தார். கப்பல்காரர்கள் கொண்டுவரும் இசைத்தட்டுகளில் அமெரிக்கக் கறுப்பர்களின் ஜாஸைக் கேட்டு, கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாக்ஸபோனை எடுத்தார். உல்லாசக் கப்பல் ஒன்றின் இசைக்குழுவில் சேர்ந்தார். ஒரு நாள் மார்செய் துறைமுகத்தில் சிகரெட் வாங்க இறங்கியவர் கப்பலுக்குத் திரும்பவேயில்லை. பாரிஸில் பாத்திரம் கழுவினார், பிறர் குழுக்களில் ஓரமாக நின்றார், கடைசியில் சொந்தக் குழு. இரண்டு இசைத்தட்டு. பிரான்ஸின் தெற்கே ஒரு விழாவில் சனம் எழுந்து நின்று கைதட்டியது, நான் அன்று பியானோவில் இருந்தேன். பிறகு கூட்டம் மெல்லக் குறைந்தது. வயிற்றுப்பாட்டுக்குத் தமிழ்க் கலியாணங்களில் மாப்பிள்ளை வரும்போது ஊதினார், அதற்கும் ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் வருவார்.

“யூடியூப்ல இரிக்காரா?”

“இருக்கிறார்.”

வண்டியை ஒரு தென்னைக்கு மறைவாக நிறுத்திவிட்டு ரிஸ்வான் கைபேசியில் தேடினான். கண்டுபிடித்தும் விட்டான். அந்தக் குட்டி ஒலிபெருக்கியில், அந்தக் காற்றில், பஸ்தியனின் சாக்ஸபோன் கரகரத்தது. முகத்தைக் களப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“நல்லாத்தான் இரிக்கி. ஆனா நடுவுல எல்லாரும் நிப்பாட்டிட்டாங்களே. பிழ விட்டாங்களா?”

பிழை இல்லை. அதுதான் பஸ்தியனின் முறை. ஜாஸில் ஒரு பாட்டைச் சுற்றிச் சுற்றி வாசிப்போம், ஒவ்வொரு சுற்றும் ஒருவருடைய தனி வாசிப்பு. ட்ரம்பெட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பாஸுக்கு ஒன்று. பஸ்தியன் எல்லாப் பாட்டிலும் ஒரு சுற்றை வெறுமையாக விடுவார். டிரம்ஸ் மட்டும் மெல்ல நடக்கும், வேறு ஒருவரும் வாசிக்கக் கூடாது. நான் சேர்ந்த புதிதில் அந்த இடத்தைப் பார்த்துப் பாய்ந்தேன். பஸ்தியன் ஒரு விரலைத் தூக்கினார். “தொடாத பியானோ. அது உன்ட இல்ல.” யாருடையது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பிரெஞ்சுப் பத்திரிகைக்காரர்கள் அதைக் கீழைத்தேய மௌனம் என்று எழுதினார்கள். வாசித்துவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

வாடிக்குப் போகும் பாதையில் வண்டி மணலில் புதைந்தது. நான் இறங்கித் தள்ளினேன், என் செருப்பு புதைந்தது, பிறகு நானும் முழங்கால்வரை. ஒருவழியாகக் கரைக்கு வந்து பார்த்தால், வாடி இல்லை. வீடு இல்லை, ஆள் இல்லை. மணலில் நட்ட கம்பங்களும், கிடுகு போட்டு மூடிய ஒரு ட்ரக்டரும், கவிழ்த்த வள்ளங்களும் மட்டும். வள்ளத்தின் மறைவில் காவலுக்கு இருந்த ஒரு மனுசன் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

“வாடி எங்க?”

“தூக்கியாச்சே. காத்து வந்தா தூக்கிருவம், காத்து விழுந்தா திரும்பக் கட்டுவம். நீங்க எந்த ஊரு?”

ரிஸ்வான் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினான். சொல்லாமலே சொன்னான். வாடி என்பது மீன் படும் மாதங்களுக்கு மட்டும் கரையில் கட்டும் குடியிருப்பு என்பது இந்த மாவட்டத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நான் அதை ஊர் என்று நினைத்து, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன். இழுவைப் பாட்டு, கரைவலைப் பாட்டு என்று பஸ்தியன் எங்களுக்குச் சொன்ன கதைகளின் நினைப்பில், பாட்டாவது கேட்கலாமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“பாட்டா? வலைய இப்ப ட்ரக்டர்தான் இழுக்குது. அது பாடாது” என்றார் காவல்காரர். “பாட்டுப் பாடி இழுத்த காலத்துல எங்கட அப்பாக்கு முதுகே போச்சு.”

பஸ்தியனைக் கேட்டேன். “பிலோமினாக்காட தம்பியா? அந்த சுகமில்லாத மனுசனா? களப்புப் பக்கம், பள்ளிவாசல்துறை தாண்டி, அக்காட வீட்டுல.”

சுகமில்லாத மனுசன். குடிகாரனைப் பற்றி எங்கள் ஊரிலும் மரியாதைக்கு அப்படித்தான் சொல்வார்கள். என் கோபம் பொங்கிவிட்டது. கடல் கடந்து, மணலில் புதைந்து, நான் இந்தக் குடிகாரனுக்காக! வழியெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ரிஸ்வான் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து வண்டியை ஓட்டினான்.

பிலோமினாக்கா முற்றத்தில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பஸ்தியனுக்கு மூத்தவர், எழுபதுக்கு மேல், கத்தி பிடிக்கும் கையில் நடுக்கமே இல்லை. யார் என்று சொன்னேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்தியால் வீட்டின் பின்புறத்தைக் காட்டினார்.

பின்னால், களப்பைப் பார்த்தபடி ஒரு கதிரையில் பஸ்தியன் இருந்தார். நான் ஆயத்தம் செய்துகொண்டு வந்த முதல் வசனத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் திரும்பினார்.

முகத்தின் இடது பாதி கீழே இறங்கியிருந்தது. கண்ணிமை தொங்கியது, வாயின் ஓரம் ஈரமாக இருந்தது. அவர் அவசரமாகக் கைலேஞ்சியை எடுத்து வாயை மூடிக்கொண்டார். குடி இல்லை. பாரிசவாதம். அண்ணனின் அடக்கம் முடிந்த கிழமையே வந்து விழுத்தியிருக்கிறது. கையும் காலும் தேறிவிட்டன, வாய் தேறவில்லை.

ஐயோ, நாங்கள் அங்கே இருந்துகொண்டு எத்தனை கதை கதைத்தோம்! நான் அந்த மணலில் அப்படியே குந்திவிட்டேன். அழுதேன், வெட்கமில்லாமல்.

“சாந்தி” என்றார் அவர்.

அது என் பெயர்தான். ஆனால் அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டதேயில்லை, அவருக்கு நான் எப்போதும் ‘பியானோ’. ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். உதட்டைத் தொட்டுக் காட்டினார். உதடு இரண்டும் ஒட்டாமல் ‘ப’ எழுத்து லேசில் வராது. அவருக்கு இப்போது சொல்ல இலகுவானது என் பெயர்தான்.

மத்தியானம் பிலோமினாக்கா சோறு போட்டார். பாரைக் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், பொரித்த சூடை மீன். பஸ்தியன் எங்களோடு சாப்பிடவில்லை. ஒழுகுவதைப் பிறர் பார்க்கக் கூடாது என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“நீ அவன என்னெண்டு கூப்புடுற?” என்று பிலோமினாக்கா கேட்டார்.

“பஸ்தியன் எண்டுதான்.”

“அண்ணை, ஐயா, ஒண்டுமில்லையா?”

“இல்லை.”

மேலும் கீழும் பார்த்தார். “ஆ” என்றுவிட்டு என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

அன்றிரவு அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை, பாணும் மீன் குழம்பும் முன்னால் வைத்துக்கொண்டு நான் அந்த வெறுஞ்சுற்றைப் பற்றி அவரிடம் கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை.

“அது அந்தோனி அண்ணன்ட பங்கு.”

கரைவலை இழுத்து மீனைக் கரையில் கொட்டியதும் ஆளுக்கொரு கூறாகப் பிரிப்பார்களாம். அன்றைக்கு வராதவனுக்கும் ஒரு கூறு விழும். “நோயில கெடந்தாலும், பொஞ்சாதிய பிள்ளப்பேத்துக்குக் கூட்டிப் போனாலும், அவன்ட பேரச் சொல்லி ஒரு கூறு மணல்ல கெடக்கும். ஒருத்தரும் தொடமாட்டாங்க. வீட்டாள் வந்து எடுத்துக்கிட்டுப் போகும். எங்கட வாடில அதுதான் வழக்கம்.”

பஸ்தியன் அடக்கத்துக்கு வந்தது இந்த அந்தோனிக்குத்தான், மூத்த அண்ணன், கோயில் பாண்டில் கோர்னெட் ஊதியவர். கொழும்பு ஹோட்டல்காரன் திருநாளில் கேட்டுவிட்டுக் கூப்பிட்டது அவரைத்தானாம். அந்த வருடம்தான் தகப்பன் கடலோடு போனார். வலைக்கு ஒரு ஆண்பிள்ளை நிற்க வேண்டும். அந்தோனி நின்றார், தம்பியை அனுப்பினார். பஸ்தியன் ஊர் ஊராக ஊதியது முழுக்க அண்ணனுக்கு வந்த அழைப்பில் கிடைத்த வாழ்க்கை. கீழைத்தேய மௌனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வலைக்குப் போன ஒருவருக்குத் தம்பி ஒதுக்கிவைத்த பங்கு. நான் பாணைத் தட்டில் வைத்தேன். எனக்கு அந்த ஆளை இன்னும் கூடப் பிடித்துப்போனதுதான் மிச்சம்.

பின்னேரம் பஸ்தியனே பெட்டியைத் திறக்கச் சொன்னார். என் திட்டம் பலிக்கிறது என்று உள்ளே ஒரு துள்ளல். அவர் சாக்ஸபோனை எடுத்த விதத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒவ்வொரு விசையாக அமுக்கிப் பார்த்தார், உப்புக் காற்றில் திறந்து வைக்காதே என்று என்னை ஏசினார், கழுத்துப் பட்டியை மாட்டினார். விரல்கள் தாமாக ஓடின. பிறகு வாயில் வைத்து ஊதினார்.

காற்று மட்டும் வந்தது. இடது ஓரத்தால் சீறிக்கொண்டு போனது. கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்ப ஊதினார். அதே சீறல். மூன்றாந்தரம் ஊதவில்லை. வாயைத் துடைத்துவிட்டுச் சாக்ஸபோனைப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேயாக வேண்டும். “திரும்பி வாறியளோ, இல்லையோ?”

“என்னத்துக்கு? மேடையில நிண்டு எச்சி வடிக்கவா?”

“நீங்கள் ஊத வேண்டாம். முன்னால நிண்டு நடத்துங்கோ. குழு உங்கட. நோயில கிடக்கிறவனுக்கும் பங்கு உண்டெண்டு உங்கட அக்காதான் சொன்னவ.”

அவர் களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கூறு வீட்டுக்கு வந்து சேரும், சாந்தி. அதுக்காக நோயாளி எழும்பிக் கரைக்குப் போறதில்ல.” பிறகு, “நான் வரல்ல. அவங்கட்ட சொல்லு” என்றார்.

அவ்வளவுதான். குழு முடிந்தது. நான் எழுந்து களப்போரமாக நடந்தேன். காற்று கன்னத்தில் அறைந்தது. அந்த நிலவறையும், வெள்ளிக்கிழமைகளும், எனக்கு வலப்பக்கத்தில் மூச்சை இழுக்கும் அந்தச் சத்தமும் இனி இல்லை. பாரிஸில் போய் நான் என்ன செய்வேன்? சின்னப் பிள்ளைகள் பாலே நடனம் ஆட, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பியானோ தட்டுவேன். இந்த ஆளை விட்டுவிட்டு எனக்கு எங்கேயும் போக மனமில்லை. இதைக் களப்பில் நின்ற ஒரு கொக்குக்குச் சத்தமாகவே சொன்னேன். அது பறந்துவிட்டது.

அடுத்த நாள் எனக்கு அங்கே கடைசி நாள். மறுநாள் காலை ரிஸ்வான் வந்து என்னை ஏற்ற வேண்டும். பிலோமினாக்கா எனக்குக் கட்டிக் கொடுக்கவென்று நெத்தலிக் கருவாட்டை முற்றத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். பஸ்தியன் கதிரையில். நான் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரைச் சட்டத்தில் பத்து விரலும் ஓடிக்கொண்டிருந்தன, அவருக்கே தெரியாமல். நல்ல விரல்கள். ஒரு குறையும் இல்லாத விரல்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து, சாக்ஸபோனை எடுத்து, பட்டியை என் கழுத்தில் மாட்டினேன்.

“நீங்கள் விரலை வையுங்கோ. நான் ஊதுறன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை! பிறகு அந்தக் கோணல் வாயால் சிரித்தார், இங்கே வந்து நான் கண்ட முதல் சிரிப்பு. “உனக்கு ஊதத் தெரியுமா?”

“தெரியாது. உங்களுக்குத் தெரியுமெல்லோ, சொல்லுங்கோ.”

“மேல்பல்லை வை. கீழுதட்டை உள்ள மடி. கன்னத்தை ஊதாத, தவளையாடி நீ? வயித்தால தள்ளு.”

தள்ளினேன். கழுதை ஒன்று கனைத்தது போல ஒரு சத்தம். தூரத்தில் நிஜக் கழுதையொன்று பதில் சொன்னது. பிலோமினாக்கா சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் விடவில்லை. திரும்பத் திரும்பத் தள்ளினேன். உதடு எரிந்தது, தலை சுற்றியது. மெல்ல மெல்லக் கனைப்பு ஒரு சுரமாக நேரானது.

அப்போது பஸ்தியன் எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் என்னைச் சுற்றிக் கொண்டுவந்து விசைகளில் வைத்தார். அவருடைய நெஞ்சு என் முதுகில் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த அத்தனை வருடமும் ஒரு கையகலம் இடைவெளி இருந்தது எங்களுக்குள், அது போய்விட்டது. எனக்கு மூச்சு நின்றது.

“ஊதுடி” என்றார் காதுக்குள்.

ஊதினேன். அவருடைய விரல் நகர்ந்தது, என் மூச்சு வேறு சுரமாகியது. அடுத்த விரல், அடுத்த சுரம். கரகரத்து, பிசிறடித்து, நடுவில் அறுந்து, ஆனால் அது அவருடைய பாட்டுத்தான். விழாவில் சனம் எழுந்து நின்றதே, அந்தப் பாட்டின் முதல் அடி. நான் மூச்செடுக்க நின்றால் அவர் விரல் காத்திருந்தது. எடுத்து முடிந்ததும் நடந்தது.

“அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டப் போகுதுடா, விடு” என்று பிலோமினாக்கா சத்தம் போட்டார். அவர் விடவில்லை.

வேலிக்கு வெளியே முச்சக்கரவண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ரிஸ்வான் இறங்கி வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் படலையிலேயே நின்றுவிட்டான். தொண்டையைச் செருமினான்.

“அக்கா, நாளைக்கு எத்தின மணிக்கு வாரது?”

என் வாயில் சாக்ஸபோன். எடுத்தால் பாட்டு அறுந்துவிடும், எடுக்க எனக்கு மனமும் இல்லை. கண்ணால் ஏதோ சொல்லப் பார்த்தேன், அவனுக்கு விளங்கவில்லை.

என் தலைக்கு மேலிருந்து பஸ்தியன்தான் பதில் சொன்னார், குழறாமல், ஒவ்வொரு சொல்லாக.

“நாளைக்கு வரத் தேவையில்ல.”

சொல்லிவிட்டு அடுத்த விரலை வைத்தார். நான் ஊதினேன்.